யாளி என்ன விலை?

மக்களே, தலைப்பைப் பாத்துட்டு சிற்பக்கலை பத்தின பதிவுன்னு நினைச்சு வந்திருந்தா மன்னிச்சுக்கோங்க. இது மொபைல் கேம் பத்தினது. அதுலயும் வாள், மந்திரம், பூதம், டிராகன்னு வர்ற மாயாஜால கேம்கள் எப்படிச் சம்பாதிச்சுது, யார்கிட்ட சம்பாதிச்சுது, நம்ம ஊர்ல மட்டும் ஏன் அந்தப் பருப்பு வேகலைங்கிற கதை. கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

ஒரு கிரிக்கெட் மட்டை என்ன விலைன்னு கேட்டா, எங்க வில்லாபுரம் ஹவுசிங் போர்டுல அஞ்சாப்பு படிக்கிற பயலும் சொல்லிடுவான். யாளி என்ன விலைன்னு கேட்டா? யாருக்கும் தெரியாது. யாளியை யாரும் சந்தையில வாங்கினதும் இல்ல, வித்ததும் இல்ல. அதனால விக்கிறவன் சொல்றதுதான் விலை. மாயாஜால கேம்களோட மொத்த வியாபாரமும் இந்த ஒரு சூட்சுமத்து மேலதான் நிக்குது. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

மாயாஜாலத்தைக் காசுக்கு விக்கிறது மதுரைக்கு ஒண்ணும் புதுசில்ல. மீனாட்சி கோவிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபம் இருக்கே, அங்கே தூண்ல யாளி நிக்கும், தூணுக்குக் கீழே புத்தகக் கடை இருக்கும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலைன்னு சாணித்தாள்ல அச்சடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்க. இப்போ அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. 1947 ஜூலையில அம்புலிமாமா வந்தது. வேதாளத்தை மாசாமாசம் தோள்ல தூக்கிக்கிட்டு விக்கிரமாதித்தன் நடந்தான். 1972ல சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோட வந்தது.

இதுல எல்லாத்துலயும் ஒரு ஒழுங்கு இருந்ததைக் கவனிங்க. வேதாளம் எவ்வளவு பெரிய வேதாளமா இருந்தாலும் விலையைத் தீர்மானிச்சது காகிதமும் மையும்தான். ஒரு தடவை காசு கொடுத்தா கதை முழுசா உங்களுது. படிச்சு முடிச்சு பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில போடலாம். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும்போது "இறக்கிவிட இன்னும் 10 ரூபாய் கொடு"ன்னு யாரும் கேக்கல.

அப்புறம் கைபேசி வந்தது. 1997ல நோக்கியா 6110ல பாம்பு கேம். நம்ம ஊர்ல 3310, 1100 காலத்துலதான் அது வீட்டுக்கு வீடு நுழைஞ்சது. போனோட சேந்து வந்ததால அதுக்குத் தனி விலை கிடையாது. கலர் போனும் ஜாவாவும் வந்தப்பறம்தான் கேமைத் தனியா விக்க ஆரம்பிச்சாங்க. கேம்லாஃப்ட் கம்பெனி பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைச் சின்னத் திரைக்குள்ள அடக்கிக் கொடுத்தது. ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினா கேம் இறங்கும், பேலன்ஸ்ல காசு போயிடும். அந்தக் காசுல பெரும்பங்கு செல்போன் கம்பெனிக்கு. கேமை உருவாக்கினவனுக்கு மிச்சம் மீதிதான்.

மதுரைக்காரன் சும்மா இருப்பானா? மீனாட்சி பஜார்ல மெமரி கார்டைக் கொடுத்தா போதும், 30 ரூபாய்க்கு இளையராஜா பாட்டு, வடிவேலு காமெடி, கூடவே இருபது முப்பது கேம்னு ஏத்திக் கொடுத்துடுவாங்க. மாயாஜால கேமோட முதல் சந்தை விலை எங்களைப் பொறுத்தவரைக்கும் கொசுறு விலை. இந்தியாவுல கேம் செஞ்ச கம்பெனிகள் அந்தக் காலத்துல வளராம போனதுக்கு இந்த ரெண்டுமே காரணம். மேலே செல்போன் கம்பெனி எடுத்துக்கிச்சு, கீழே மெமரி கார்டு எடுத்துக்கிச்சு.

இப்ப கடல் தாண்டிப் போவோம். ஏன்னா, சந்தை அங்கேதான் திரும்புச்சு.

2008 ஜூலையில ஆப்பிள் தன்னோட ஆப் கடையைத் திறந்தது. 2010 டிசம்பர்ல இன்ஃபினிட்டி பிளேடுன்னு ஒரு கேம் வந்தது. மாயக்கோட்டை, ராட்சசன், கையில வாள். விலை 5.99 டாலர். ஒரு தடவை கட்டினா கேம் உங்களுது, அதாவது கிட்டத்தட்ட புதுமண்டபக் கணக்கு. அதை வெளியிட்ட எபிக் கம்பெனியோட தலைவர் டிம் ஸ்வீனி 2012ல, போட்ட உழைப்போட ஒப்பிட்டா எங்க பெரிய கேமான கியர்ஸ் ஆஃப் வாரைவிட இதுதான் அதிக லாபம் கொடுத்துச்சுன்னு சொன்னார்.

ஆனா அதுக்கு முன்னாடியே 2009 அக்டோபர்ல ஆப்பிள் ஒரு சின்ன விதியை மாத்தியிருந்தது. இலவச கேமுக்குள்ளயும் பொருள் விக்கலாம்னு அனுமதி. உள்ளே விட காசு இல்ல, உள்ளே போனப்பறம் வியாபாரம். பொருட்காட்சிக்கு இலவச அனுமதி கொடுத்துட்டு ராட்டினத்துக்கு டிக்கெட் போடுற மாதிரி. இந்தக் கதவு வழியாத்தான் யாளி சந்தைக்குள்ள வந்தது.

2012 பிப்ரவரி, ஜப்பான். கங்ஹோ கம்பெனியோட பசில் அண்ட் டிராகன்ஸ். கலர் உருண்டைகளை வரிசையா சேக்கணும், சேத்தா உங்க டிராகன் சண்டை போடும். டிராகன் எப்படிக் கிடைக்கும்? ஒரு முட்டையை வாங்கி உடைக்கணும். உள்ளே என்ன இருக்கும்னு உடைச்சாத்தான் தெரியும். இதுக்கு அவங்க ஊர்ல காச்சான்னு பேரு. காசு போட்டுத் திருகினா பொம்மை உருண்டை விழுற இயந்திரத்துல இருந்து வந்த சொல். நம்ம பெட்டிக்கடையில அட்டை தொங்குமே, காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழிச்சா உள்ளே நம்பர் இருக்கும், முக்காவாசி நேரம் ஆரஞ்சு மிட்டாய்தான் கிடைக்கும். அதேதான்.

அதோட கணக்கைப் பாருங்க. கங்ஹோவோட வருமானம் 2012ல சுமார் 2,580 கோடி யென். 2013ல சுமார் 16,300 கோடி யென். ஒரே வருசத்துல ஆறு மடங்கு! அதுல பத்துல ஒம்பது பங்கு இந்த ஒரு கேம்ல இருந்து வந்தது. 2014ல சுமார் 17,300 கோடின்னு உச்சிக்குப் போச்சு. அப்புறம் இறக்கம். 2017ல 9,200 கோடி அளவுக்கு வந்துடுச்சு.

அதே 2012 ஆகஸ்டுல பின்லாந்துல இருந்து சூப்பர்செல் கம்பெனியோட கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். இவங்க அட்டை கிழிக்க வைக்கல. நேரத்தை வித்தாங்க. கோட்டை கட்ட ஆரம்பிச்சா முதல்ல ஒரு நிமிசம், அப்புறம் ஒரு மணி, அப்புறம் நாள் கணக்கு. காத்திருக்கலாம், இல்லேன்னா பச்சைக்கல் வாங்கி உடனே முடிக்கலாம். பொறுமை இருக்கிறவனுக்கு இலவசம், அவசரக்காரனுக்கு விலை. சூப்பர்செல்லோட வருமானம் 2013ல 89 கோடி டாலர், 2014ல 170 கோடி, 2015ல 230 கோடி. 2016ல சீனாவோட டென்சென்ட் தலைமையில 84 சதவீதப் பங்கை சுமார் 860 கோடி டாலருக்கு வாங்கினாங்க. அப்புறம் இங்கேயும் அதே சரிவு. 2019ல 156 கோடி டாலர். பிறகு வேற கேம்களை வச்சுத்தான் அவங்க மறுபடி மேல வந்தாங்க.

கொரியாவுல 2016 டிசம்பர்ல லீனேஜ் 2 ரெவல்யூஷன் வந்து, முதல் மாசத்துலயே 20,600 கோடி வோன் அள்ளுச்சு. 2020 செப்டம்பர் 28ல கென்ஷின் இம்பாக்ட். சினிமா மாதிரி செதுக்கின உலகம், முழுக்க இலவசமா சுத்தலாம். ஆனா புடிச்ச வீரன் வேணும்னா அட்டை கிழிக்கணும். அஞ்சு நட்சத்திர வீரன் ஒரு தடவையில விழ வாய்ப்பு 0.6 சதவீதம். ஆயிரத்துல ஆறு. 90 தடவைக்குள்ள ஒண்ணு நிச்சயம்னு ஒரு ஆறுதலும் உண்டு. அந்த ஒண்ணும் நீங்க ஆசைப்பட்ட ஆளாத்தான் இருக்கும்னு சொல்ல முடியாது.

இந்த வரலாறு முழுக்க எனக்கு ஒரே ஒரு உருவம்தான் தெரியுது. திருப்பரங்குன்றம் மலை மாதிரி. கிடுகிடுன்னு ஏறும், கொஞ்ச நேரம் உச்சியில நிக்கும், அப்புறம் நீளமா சரியும். சரியிற காலத்துல யார் காசு கொடுக்கிறாங்க? புதுசா வர்றவங்க இல்ல. ஏற்கெனவே நிறைய செலவு பண்ணிட்டு, விட்டுட்டுப் போக மனசில்லாதவங்க. இந்தத் தொழில்ல பெரும்பாலான ஆட்டக்காரங்க ஒரு காசும் கொடுக்கிறதில்ல. கொஞ்ச பேர் கொடுக்கிறதுலதான் வண்டி ஓடுது. அந்தக் கொஞ்ச பேருக்கு அங்கே திமிங்கலம்னு பேரு. மரியாதையான பேர்தான், வலை போடுறதுக்கு முன்னாடி :-)

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2016ல ஏப்ரல்ல யு.பி.ஐ., செப்டம்பர்ல ஜியோ. டேட்டாவும் மலிவு, காசு அனுப்பவும் விரல் நுனி. கேம் இறக்குறதுல இந்தியா உலகத்துலயே முதல் வரிசைக்கு வந்துடுச்சு. வருமானத்துல பாத்தா கடைசி பெஞ்சு. எங்க தெரு முனையில சாயங்காலம் நாலு பசங்க வரிசையா உக்காந்து போனை நோண்டுவாங்க. அதுல ஒருத்தன்கிட்ட கேட்டேன். "ஏண்டா, ரெண்டு வருசமா இதையே விளையாடுறியே, ஒரு ரூபாயாவது போட்டிருக்கியா?"

"காசு போட்டா ஜெயிக்கிறதுல என்னண்ணே இருக்கு? அவனுக்கு விளையாடத் தெரியலைன்னு அர்த்தம்."

கம்பெனிக்காரங்க கோடி கோடியா கொட்டி ஆராய்ச்சி பண்றாங்க. பதில் வில்லாபுரத்துல சும்மா கிடைக்குது.

நம்ம ஆளுங்க மாயாஜாலத்தைத் தொடாம இல்ல. 2014ல கோச்சடையான் படத்தோட சேத்து ரெய்ன் ஆஃப் ஆரோஸ்னு ஒரு கேம் வந்தது. 2017ல பாகுபலி ரெண்டாம் பாகம் வந்தப்போ, பெங்களூரு மூன்ஃபிராக் கம்பெனி பாகுபலி கேமை வெளியிட்டது. கோட்டை கட்டு, படை சேத்து அடின்னு, அச்சு அசலா கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் பாணி. படம் உலகத்தையே திரும்பிப் பாக்க வச்சுது. கேம்? இன்னிக்கு அதைப் பத்தி யாராவது பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?

அதே மூன்ஃபிராக்குக்குச் சோறு போட்டது வேற ஒண்ணு. தீன் பத்தி. அதான், நம்ம மூணு சீட்டு. அதோட பலத்துலதான் 2021ல சுவீடனோட ஸ்டில்ஃப்ரன்ட் கம்பெனி, மூன்ஃபிராக்கை சுமார் 9 கோடி டாலர் மதிப்பு போட்டு வாங்குச்சு. 2020 ஊரடங்குல நாடே விளையாடினது எதை? லூடோ கிங். தாயக்கட்டை. தமிழ்நாட்டுல இருந்து போய் நாடு முழுக்க ஜெயிச்ச மொபைல் கேம்னா, சென்னை நெக்ஸ்ட்வேவ் செஞ்ச வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப். சீட்டு, தாயம், கிரிக்கெட். மூணும் ஏற்கெனவே நமக்கு விதி தெரிஞ்ச ஆட்டம். மாயாஜாலம் அந்தப் பட்டியல்லயே இல்ல.

வெளியூர் யாளிகளுக்கும் இங்கே நிம்மதி கிடைக்கல. 2020 ஜூன் 29ல மத்திய அரசு தடை பண்ணின 59 ஆப்கள்ல மொபைல் லெஜண்ட்ஸும் கிளாஷ் ஆஃப் கிங்ஸும் இருந்தது. செப்டம்பர் 2 பட்டியல்ல பப்ஜியோட சேந்து ரைஸ் ஆஃப் கிங்டம்ஸ், ஏ.எஃப்.கே. அரீனா எல்லாம் போச்சு. எல்லாரும் பப்ஜிக்குத்தான் அழுதாங்க. வருசக்கணக்கா கோட்டை கட்டினவங்களோட ஒப்பாரி வெளியில கேக்கல.

ஏன் நம்ம மாயாஜாலம் ஓடல? எனக்குத் தோணுறதைச் சொல்றேன்.

ஒண்ணு, இங்கே கேமைப் படத்தோட போஸ்டரா நினைச்சாங்க. பசில் அண்ட் டிராகன்ஸும் கிளாஷும் வருசக்கணக்கா வாரம் தவறாம புதுசு புதுசா தீனி போட்டு வளத்தவை. போஸ்டர் படம் ஓடுற வரைக்கும்தான் சுவத்துல இருக்கும். அப்புறம் மாடு தின்னுடும்.

ரெண்டு, விலை. வெளிநாட்டுல முட்டை உடைக்கிறவனுக்கு அஞ்சு டாலர் ஒரு காபிக் காசு. இங்கே அது ஒரு வீட்டுக்கு ரெண்டு நாள் காய்கறி. காபிக் காசுக்காகக் கட்டின இயந்திரத்தை அப்படியே கொண்டுவந்து நட்டா முளைக்காது.

மூணு, இதுதான் முக்கியம். யாளி விலையை ஒருத்தன் ஒத்துக்கணும்னா, முதல்ல அந்த யாளி மேல ஆசை வரணும். ஆசை கதையில இருந்து வரும். பாகுபலி கேம்ல பாகுபலி முகம் இருந்துச்சு, கதை இல்ல. கதையை மையமா வச்சுச் செய்யணும்னு நினைச்சவங்களுக்கோ பணம் கிடைக்கல. புனேயில இருந்து ராஜின்னு ஒரு கேம், துர்க்கையோட அருள் வாங்கின ஒரு பொண்ணு தன் தம்பியைத் தேடிப்போற கதை. கிக்ஸ்டார்ட்டர்ல பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டப் பாத்தாங்க, இலக்கைத் தொடல. திண்டாடி முடிச்சு, 2020 ஆகஸ்டுல முதல்ல நின்டெண்டோ ஸ்விட்ச்லதான் வெளியிட்டாங்க. மொபைல் அவங்களுக்கு முதல் வாசலா இருக்கல.

"போகட்டும்யா, கேம்தானே, ஓடலைன்னா என்ன"ன்னு கேக்கலாம். எனக்கு ரெண்டு கவலை இருக்கு.

முதல் கவலை காசு. எங்க ஏரியாவுல ஒரு வீட்டுல, மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம் அம்மாவோட கணக்குல இருந்து கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. பையன் ஏதோ ஒரு கேம்ல வைரம் வாங்கியிருக்கான். எந்த கேம்னு இங்கே வேண்டாம். அந்தம்மா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி. "வைரம்னா அதைத் திருப்பி விக்க முடியாதா தம்பி?" அவங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. உலகத்துல வைரம்னு வாங்கினதை அடகு வைக்கவும் முடியாத ஒரே இடம் அதுதான்.

தமிழ்நாடு 2003 ஜனவரியிலயே லாட்டரியைத் தடை பண்ணின மாநிலம். ஆன்லைன் ரம்மியை ஒழுங்குபடுத்தணும்னு 2020 ஜூலையில நம்ம உயர்நீதிமன்ற மதுரைக் கிளைதான் குரல் கொடுத்துச்சு. 2022ல மாநிலச் சட்டம், 2025 ஆகஸ்டுல மத்திய சட்டம்னு வந்தாச்சு. எல்லாமே காசு வச்சுக் காசு ஜெயிக்கிற ஆட்டத்தைக் குறிவச்சது. காசு வச்சு டிராகன் ஜெயிக்கிற ஆட்டம்? காசு திரும்பி வரவே வராதுங்கிற ஒரே காரணத்தால அது சூதாட்டத்துல சேரல! ஜப்பான் 2012லயே ஒருவகை காச்சாவை, அதாவது பல சீட்டு சேத்தாத்தான் பரிசுங்கிற வகையை, நிறுத்துச்சு. பெல்ஜியம் 2018ல காசுக்கு விக்கிற இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம்னே சொல்லிடுச்சு. இங்கே அந்தப் பேச்சு இன்னும் சரியா ஆரம்பிக்கல.

ரெண்டாவது கவலை அழிவு. இன்ஃபினிட்டி பிளேடு சொன்னேனே, 5.99 டாலர் கொடுத்து வாங்கினது. 2018 டிசம்பர்ல எபிக் அதைக் கடையை விட்டே எடுத்துடுச்சு. புதுசா யாரும் வாங்க முடியாது. சர்வரை நம்பி ஓடுற கேம்னா இன்னும் மோசம், சர்வரை அணைச்ச அன்னிக்கே கோட்டை, வைரம், டிராகன் மொத்தமும் காத்துல கரைஞ்சுடும். பெரிய எழுத்து புத்தகத்தை அச்சடிச்ச கம்பெனி எப்பவோ மூடியிருக்கும். ஆனா அந்தப் புத்தகம் இன்னும் எங்கேயோ ஒரு பரண்ல இருக்கு, எடுத்துப் படிக்கலாம். விலை தெரியாத பொருளுக்குக் காசும் கொடுத்து, கடைசியில கையில ஒண்ணும் நிக்காம போற வியாபாரத்தை நம்ம பாட்டன் காலத்து ஆளுங்க ஒத்துக்கிட்டிருப்பாங்களான்னு யோசிக்கிறேன்.

மதுரையை ஆண்டதா கதை சொல்ற அல்லி, அவளை ஜெயிக்க முடியாம வேசம் மேல வேசமா போட்டுக்கிட்டு வந்த அர்ச்சுனன். இதைவிட நல்ல கேம் கதை வேணுமா என்ன? பக்கத்துலயே அழகர்மலை, பதினெட்டாம்படி, கருப்பசாமி. வெளிநாட்டுக்காரன் டிராகனைக் கற்பனை பண்ணணும், நமக்குத் தூண்லயே நிக்குது. வலைப்பக்கத்துல கதை எழுதுறவங்களும் இருக்கீங்க, பொட்டி தட்டுறவங்களும் இருக்கீங்க. ரெண்டு பேரும் சேந்து சின்னதா ஒண்ணு செய்யுங்க. கோடி வேண்டாம். 50 ரூபாய் விலை வைங்க. ஒரு தடவை கொடுத்தா கதை முழுசும் வாங்கினவனுக்கு. நெட் இல்லாமலும் ஓடணும், நாளைக்கு நீங்க கடையை மூடினாலும் ஓடணும்.

முதல் 50 ரூபாய் என்னோடது.

டிஸ்கி: டாலர், யென், வோன்னு போட்டதையெல்லாம் ரூபாய்க்கு மாத்திச் சொல்லலாம்னுதான் உக்காந்தேன். கால்குலேட்டர்ல பூஜ்ஜியம் வைக்க இடம் பத்தல. விட்டுட்டேன் :-)